வயிறு எரிகிறது

ஜூன் 4, ஹட்டன்

அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன், முழங்கால் வலிக்கு. டாக்டருக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான். நடுவில் நான். வேறு என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்க, "வயிறு எரிகிறது" என்றார் அம்மா. சொன்னதைச் சொன்னபடி சிங்களத்தில் சொன்னேன். காரத்தைக் குறைக்கச் சொல்லி, சாப்பாட்டுக்கு முன் போட ஒரு மாத்திரையும் எழுதித் தந்தார்.

திரும்பும் வழியில்தான் விளங்கியது. மேல் வளைவில் அம்மா பஸ் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தார். முப்பத்தொரு வருடம் அவர் கொழுந்தெடுத்த மலை. கவ்வாத்து இல்லாமல் தேயிலை ஆளுயரத்துக்கு மரமாகி நிற்கிறது, இடையெல்லாம் மானாப்புல். "காலையில் இதைப் பார்த்ததிலிருந்து எரிகிறது" என்றார். மாத்திரை உறை என் சட்டைப்பையில்.

ஜூன் 5

விடாத மழை. மொழிபெயர்ப்புப் பிழை என்று இரவெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் டாக்டர் மேலும் தவறில்லை. சிங்களத்தில் பசிக்கே 'படகினி' என்றுதான் பெயர்: வயிற்று நெருப்பு.

உருவகம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. அதைச் சொன்னபோது அம்மாவின் கை வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது. நெஞ்சு கனக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம். ஒன்றைக் கொடுக்க விருப்பமில்லை என்றால் 'மனம் வரவில்லை' என்போம், 'கை வரவில்லை' என்றும் சொல்வோம். எது எதற்கு உவமை?

ஜூன் 8

பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் மனத்தையும் உடலையும் இரண்டு தனிப் பொருள்களாகப் பிரித்தார்: ஒன்று சிந்திக்கும், மற்றது இடத்தை அடைத்துக்கொள்ளும். 1643 மே மாதம் பொஹீமிய இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: உருவமே இல்லாத ஆன்மா உடலை எப்படி அசைக்கும்? அவருடைய விளக்கம் இளவரசிக்குப் போதவில்லை. உருவமில்லாத ஒன்று உடலை அசைக்கிறது என்பதைவிட, ஆன்மாவுக்கும் சடத்தன்மை உண்டு என்று ஒப்புக்கொள்வதே எனக்கு எளிது என்று ஜூனில் திருப்பி எழுதினார். அப்போது இளவரசிக்கு இருபத்து நான்கு வயது. அம்மாவுக்கு அவரைப் பிடித்திருக்கும்.

இதற்கு டெகார்ட் சொன்ன பதில்தான் வேடிக்கை. இரண்டும் ஒன்றியிருப்பது தத்துவ யோசனையில் பிடிபடாதாம். அதை விட்டுவிட்டு அன்றாட வாழ்விலும் சாதாரணப் பேச்சிலும் இருக்கும்போதுதான் விளங்குமாம். அப்படியானால் பஸ்ஸில் என் பக்கத்து ஸீட்டிலேயே விளங்கியிருக்க வேண்டும்.

ஜூன் 10

தரம் 6க்கு எழுத்துகள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216. 'க்' என்பதை மட்டும் தனியாகச் சொல்லுங்கள் என்றேன். வகுப்பே 'இக்' என்றது. முன்னால் ஓர் உயிர் ஒட்டிக்கொண்டு வந்தது. "மெய் என்றால் உண்மை என்றுதானே போன மாதம் சொன்னீர்கள் சேர்?" என்றான் பின்வரிசைப் பையன். உடம்பும்தான் என்றேன். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்பது போலப் பார்த்தான்.

இலக்கணத்தை வைத்து ஆன்மாவை அளக்கக் கூடாது என்பது தெரியும். ஆனாலும் 'நான் நினைக்கிறேன்' என்கிற நாம் 'நான் பசிக்கிறேன்' என்பதில்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது. அத்தோடு நின்றால் உடம்பு ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம் என்று வைத்துவிடலாம். 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் புரிகிறது' என்று அறிவும் அதே நான்காம் வேற்றுமையில் வந்து உட்காருகிறது. கோடு எங்கே விழுகிறது என்று கரும்பலகையில் எழுதி எழுதிப் பார்த்தேன். மணி அடித்துவிட்டது.

ஜூன் 18

மறுபடி கிளினிக். எரிவு எப்படி என்று டாக்டர் கேட்டார். "குறைந்திருக்கிறது" என்றார் அம்மா. அதையும் சொன்னபடியே சொன்னேன். மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

திரும்பும்போது மேல் வளைவில் அம்மா வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்தார். காலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. வீதியோரக் கல்லுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.