தருமிக்குக் காசு வேணும்

2009 ஜனவரி 31ஆம் திகதி நடிகர் நாகேஷ் சென்னையில் காலமானார். 75 வயது. அது எப்படிப்பட்ட நாள் என்று எங்கள் கல்லூரியின் இந்த மலரைப் படிக்கும் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. இலங்கையில் போரின் கடைசி மாதங்கள், வன்னியில் சனம் ஒதுங்க இடமில்லாமல் நின்ற காலம். இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் அந்தப் போரை நிறுத்தச் சொல்லிச் சென்னையில் முத்துக்குமார் தீக்குளித்திருந்தார். லண்டன் வீதிகளில் அன்று நாங்கள் ஆயிரக்கணக்கில் குளிருக்குள் நடந்துகொண்டிருந்தோம். அந்த நேரத்தில் ஒரு நடிகரின் சாவைப் பற்றிப் பேச எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அவருக்கு நாங்கள் சொல்லவேண்டிய நன்றி ஒன்று அப்படியே கிடக்கிறது. கல்லூரியின் நாடக மேடை பற்றி எழுதுங்கோ என்று மலர்க் குழுவினர் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் நாகேஷ்தான். எங்கள் காலத்து மேடையையும் அவரையும் பிரித்து எழுத என்னால் முடியாது.

'திருவிளையாடல்' 1965இல் வந்த படம். நாங்கள் மேல் வகுப்புக்கு வந்தபோது அது பழைய படமாகிவிட்டிருந்தது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் வின்சர், மனோகரா, ராஜா என்று எந்தத் தியேட்டரில் திரும்பப் போட்டாலும் கூட்டம் நிற்கும். படம் பார்க்க வீட்டில் காசு கொடுக்காத பிள்ளைகளுக்கும் அந்த வசனம் தெரியும். கோயில் திருவிழாவில் பூசை முடிந்து அடுத்த மேளம் தொடங்கும் வரைக்கும் ஒலிபெருக்கியில் தருமியும் இறைவனும் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்தக் காட்சியைக் கண்ணால் காண முதலே காதால் பாடமாக்கியவர்கள். நாகேஷின் முகம் தெரியாமலே அவருடைய மூச்சு எந்த இடத்தில் நிற்கும், குரல் எங்கே உடையும் என்று தெரிந்து வைத்திருந்தோம்.

அதனால் கல்லூரியில் மாணவர் இல்லங்களுக்கிடையிலான நாடகப் போட்டிக்கு எங்கள் இல்லம் தருமி காட்சியை எடுத்தபோது, விடுதியில் இருந்த நண்பன் ஒருவனுக்கு ஒத்திகையே தேவையில்லை என்று நினைத்தோம். நாகேஷை அப்படியே உரித்து வைத்தமாதிரிச் செய்வான். முதல் ஒத்திகையில் நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பழக்கிய தமிழ் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி, நீ நாகேஷைச் செய்யிறாய். தருமியைக் காணேல்லை. தருமிக்குக் காசு வேணும். வீட்டிலை ஒன்றுமில்லை. அதை மட்டும் நினைச்சுக்கொண்டு பேசு, சிரிப்புத் தானா வரும்."

அப்புறம் அவர் ஒத்திகையை நிறுத்திவிட்டு, திருவிளையாடற் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலத்தையும், இறைவன் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் 'கொங்குதேர் வாழ்க்கை' என்ற குறுந்தொகைப் பாட்டையும் இருந்து படிப்பித்தார். குறுந்தொகையில் அது இரண்டாவது பாட்டு என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். பிறகு அந்த நண்பன் குரலைத் தாழ்த்தி, அவசரத்தைக் குறைத்துப் பேசிப் பார்த்தான். போட்டி நாளன்று, பாட்டில் குற்றம் உண்டு என்று நக்கீரர் சொன்னதும் மண்டபம் ஒரு கணம் உண்மையாகவே பரிதாபப்பட்டது. சிரிப்பு அதற்குப் பிறகுதான் எழுந்தது. பரிசு கிடைத்தது, அது பெரிய விடயமில்லை. அந்த ஒரு கணத்தை மேடையின் ஓரத்தில் நின்று பார்த்தவன் நான். நடிப்பு என்றால் என்ன என்பது அங்கேதான் பிடிபட்டது.

மாஸ்டர் சொன்னது நாகேஷின் எல்லாப் பாத்திரங்களுக்கும் பொருந்தும் என்று பிற்காலத்தில் அவருடைய படங்களை வரிசையாகப் பார்த்தபோது உணர்ந்தேன். அவர் நடித்த நல்ல பாத்திரங்கள் எல்லாவற்றிலும் ஒரு இல்லாமை இருக்கிறது. அது அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்தும் வந்திருக்கும். 1933இல் தாராபுரத்தில் ஒரு கன்னடக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் குண்டுராவ். அம்மை நோய் முகத்தில் தழும்புகளை விட்டுப்போனது. சென்னையில் ரயில்வேயில் கிளாக்கர் வேலை, மாலையில் சபா நாடகம். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சின்ன வேடம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்தச் சின்ன வேடத்தைத்தான் மேடையில் பாராட்டினார். எங்கள் ஊரில் அரசாங்கக் கிளாக்கர் வேலை எவ்வளவு பெரிய விடயம் என்பது எங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு, அந்த முகத்தோடும் அந்த மெலிந்த உடம்போடும் சினிமாவுக்குப் போவதற்கு என்ன துணிவு வேண்டும்! 1959இல் 'தாமரைக்குளம்' முதல் படம். அதற்குப் பிறகும் சில காலம் வறுமைதான். பின்னாளில் பெரிய கவிஞரான வாலியும் அவரும் தி.நகரில் பசியைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த நாட்களைப் பற்றி வாலியே நிறையச் சொல்லியிருக்கிறார்.

1964 அவருடைய ஆண்டு. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக வந்து, தகப்பன் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்வார். கையும் குரலும் மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை. அந்தக் காட்சியின் பாதி பாலையாவின் முகத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பயந்து பயந்து கேட்பதற்கு அப்படி ஒருவர் இருந்ததால்தான் கதை அந்த அளவுக்கு ஏறியது. அதே ஆண்டு முடிவில் 'சர்வர் சுந்தரம்'. கே. பாலசந்தரின் மேடை நாடகம் படமானது. ஓட்டல் பரிசாரகன் ஒருவன் சினிமா நட்சத்திரமாகிறான், ஆனால் விரும்பிய பெண் கிடைக்கவில்லை. கதாநாயகனின் தோழனாக வந்து போகவேண்டியவர் என்று எல்லாரும் நினைத்திருந்த ஒருவர் ஒரு முழுப்படத்தைத் தாங்கி நின்றார்.

தருமி காட்சி ஒன்றரை நாளில் படமாக்கப்பட்டதாம். இறைவனாக நடித்த சிவாஜி அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தபோது, தன்னுடைய பகுதியை வெட்டச் சொல்லிவிடுவாரோ என்று நாகேஷ் பயந்திருந்தார். சிவாஜியோ மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஓர் அடிகூட வெட்டக்கூடாது என்று இயக்குநர் ஏ.பி. நாகராஜனிடம் சொன்னாராம். நாகேஷ் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நாகராஜன்தான் படத்தில் நக்கீரர். மூன்று வருடம் கழித்து 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் அதே இயக்குநர், அதே சிவாஜி. நாகேஷ் இந்த முறை சவடால் வைத்தி. இரக்கப்பட வைத்த அதே உடம்பு, அதே வேகம், இங்கே பார்க்கவே அருவருப்பாக இருக்கும். அவருடைய திறமைக்கு இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும்.

விடுதிப் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமானது 'எதிர்நீச்சல்'. அதுவும் 1968. பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் மாடிப்படிக்குக் கீழே கிடந்து, எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து, கிடைத்ததைச் சாப்பிட்டுப் படிக்கும் மாது. உறவினர் வீடுகளில் நின்று படித்த மாணவர்கள் எங்கள் கல்லூரியிலும் இருந்தார்கள். தண்ணீர் அள்ளி, கடைக்குப் போய், பிறகுதான் புத்தகம் எடுப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவு, அவர்களில் ஒருவர் யாரோடும் பேசாமல் படுத்துவிட்டார். இன்று அவர் பெயர் சொல்லக்கூடிய மருத்துவர். நாகேஷைப் பற்றிய பேச்சு வந்தால் இப்போதும் அவர் 'மாது' என்றுதான் சொல்வார்.

எழுபதுகளுக்குப் பிறகு நல்ல வேடங்கள் குறைந்தன. அதை நீட்டி எழுத விருப்பமில்லை. கமல்ஹாசன் அவரை மறக்கவில்லை என்பது பெரிய ஆறுதல். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் கொடியவன் தர்மராஜ். 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் பிணம்! ஒரு வசனமும் இல்லாமல், கண்ணைக்கூட அசைக்காமல், மற்றவர்கள் தூக்கியும் சாய்த்தும் வைக்க, உடம்பை மட்டும் கொடுத்து நடித்தார். அதே ஆண்டு 'நம்மவர்'. மகளைப் பறிகொடுத்த தகப்பனாக வந்த அந்த வேடத்துக்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. தருமிக்கும் வைத்திக்கும் மாதுவுக்கும் கிடைக்காத விருது அது. பத்ம விருது கடைசிவரை இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அவரைக் காட்ட விரும்பும் பெற்றோருக்கு ஒரு யோசனை. 'காதலிக்க நேரமில்லை'யில் தொடங்குங்கோ. மொழி முழுதாக விளங்காவிட்டாலும் அந்தப் பேய்க்கதைக்குச் சிரிப்பார்கள். பிறகு 'எதிர்நீச்சல்', 'திருவிளையாடல்', 'சர்வர் சுந்தரம்'. 'நம்மவர்' கடைசியாகவே இருக்கட்டும். அந்த மனிதர் அவ்வளவு காலம் எங்களை எப்படிச் சிரிக்க வைத்தார் என்று தெரிந்த பிறகு பார்த்தால்தான், அதில் அவர் அழுவதன் பாரம் பிள்ளைகளுக்குப் புரியும்.