இரண்டாம் பத்திக்குத் தள்ளுவது

அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு நாட்டின் வணிகத் தகுதியைப் பறிக்க மசோதா வந்துவிட்டால், இறக்குமதி வரி வேலையில் இருப்பவர்களிடம் அன்று முழுக்க ஒரே கேள்விதான்: "வரி எவ்வளவு ஏறும்?" மசோதாவின் தலைப்பை மட்டும் பார்த்துப் பதில் சொன்னால் பெரும்பாலும் தப்பாகிவிடும். வரி அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மசோதாவைப் படிக்க வேண்டும்.

முதல் குழப்பம் அந்தத் தகுதியின் பெயரிலேயே இருக்கிறது. 'மிகவும் வேண்டப்பட்ட நாடு' என்றால் ஏதோ தனிச்சலுகை என்று தோன்றும். உண்மையில் அது ஊருக்கெல்லாம் பொதுவான வரி. இந்தக் குழப்பத்தால்தான் 1998-இல் அமெரிக்கச் சட்டத்தில் அந்தப் பெயரையே 'இயல்பான வணிக உறவு' என்று மாற்றினார்கள். அட்டவணையின் முதல் பத்தியில், அதாவது முதல் நெடுவரிசையில், இந்தப் பொது வரி இருக்கும். இரண்டாம் பத்தியில் இருப்பவை, பெரும்பாலும் 1930-ஆம் ஆண்டின் ஸ்மூட்-ஹாலி சட்டத்தின் பழைய விகிதங்கள். பருத்தி டி-ஷர்ட்டுக்கு முதல் பத்தியில் 16.5 சதவீதம், இரண்டாம் பத்தியில் 90 சதவீதம். இன்று அந்த இரண்டாம் பத்தியில் இருப்பவை கியூபா, வட கொரியா, ரஷ்யா, பெலாரஸ் ஆகிய நான்கு நாடுகள்தான். தகுதியைப் பறிப்பது என்றால் ஒரு நாட்டை முதல் பத்தியிலிருந்து இரண்டாவதற்குத் தள்ளுவது. அவ்வளவுதான்.

தள்ளுவது எவ்வளவு கடினம் என்பதற்கு 1990-களின் சீன விவகாரமே பாடம். 1974-ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தின் ஜாக்சன்-வேனிக் பிரிவுப்படி, மக்களை வெளியேற விடாத கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு இயல்பான வரி கிடையாது. குடியரசுத் தலைவர் விலக்கு கொடுத்தால் உண்டு. சீனாவுக்கு அப்படித்தான் கிடைத்து வந்தது; அதையும் ஆண்டுதோறும் நீட்டிக்க வேண்டும். ஜூன் 3-க்குள் அவர் நீட்டிப்பைப் பரிந்துரைப்பார். அது ஜூலை 3-இல் தொடங்கும். எதிர்ப்பவர்கள் மறுப்புத் தீர்மானம் கொண்டுவருவார்கள். பிரதிநிதிகள் சபையில் அது வரிவிவகாரக் குழுவுக்குப் போகும். வழக்கமான மசோதாவைக் குழுவிலேயே ஊறப்போட்டுச் சாகடித்துவிடலாம், இதை முடியாது. குழு அசையாவிட்டாலும் சபைக்கு இழுத்துவரச் சட்டமே வழி வைத்திருந்தது. அதனால்தான் ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் வாக்கெடுப்பு நடந்தது.

ஆனால் ஒரு முடிச்சு. 1983-இல் சாதா (Chadha) என்பவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், குடியரசுத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் நாடாளுமன்றம் தானாக ஒரு நிர்வாக முடிவை ரத்து செய்ய முடியாது என்றது. அதன்படி 1990-இல் நடைமுறையைத் திருத்தி, இரு சபைகளும் நிறைவேற்றித் தலைவருக்கு அனுப்பும் கூட்டுத் தீர்மானமாக மாற்றினார்கள். நீட்டிப்பைக் கொடுத்தவரே அதை மறுக்கும் தாளிலும் கையெழுத்திட வேண்டும்! இட மாட்டார், நிராகரித்துவிடுவார். அந்த நிராகரிப்பை நாடாளுமன்றம் முறியடித்தால்தான் தீர்மானம் சட்டமாகும். ஆக, உண்மையான எல்லைக்கோடு பாதி வாக்கு அல்ல, மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் இரு சபைகளிலும்.

1992-இல் இது அப்படியே நடந்தது. சீனாவுக்கான நீட்டிப்புக்கு நிபந்தனை விதிக்கும் மசோதாவை அன்றைய குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் மார்ச் 2-இல் நிராகரித்தார். பிரதிநிதிகள் சபை 357-61 என்று அந்த நிராகரிப்பை முறியடித்தது. செனட்டில் 60-38. வாக்களித்த 98 பேரில் 66 தேவை, ஆறு குறைவு. அதே ஆண்டு அடுத்த மசோதாவுக்குச் சபையில் 345-74, செனட்டில் 59-40. மறுபடியும் அதே கதவில் முட்டிக்கொண்டது. மறுப்புத் தீர்மானத்தின் கதையும் கவனிக்க வேண்டியது. 1991-இல் அது சபையில் 223-204 என்று நிறைவேறியது. 1993-இல் 105-318 என்று தோற்றது. நிராகரிப்பு நிச்சயம் என்று தெரிந்தபோது விழுந்த வாக்குகளில் பல, செலவில்லாத வாக்குகள் என்பது என் கணிப்பு. அவற்றை எண்ணிக்கொண்டு 'அடுத்த ஆண்டு வரி ஏறும்' என்று கணக்குப் போடக் கூடாது.

இருந்தாலும் இறக்குமதியாளருக்குத் தொல்லை தொல்லைதான். கிறிஸ்துமஸ் பொம்மைகளுக்கு முன்கூட்டியே ஆர்டர் போட்டாக வேண்டும், வாக்கெடுப்போ கோடையில். பொம்மைக்கு இரண்டாம் பத்தியில் 70 சதவீதம்.

2000-இல் சீனாவுக்கு நிரந்தரத் தகுதி கொடுக்கும் சட்டம் வந்தது (சபையில் 237-197, செனட்டில் 83-15). 2002 ஜனவரி 1 முதல் அது நடைமுறை. ஆண்டு வாக்கெடுப்பு ஒழிந்தது. அதோடு குழுவிலிருந்து இழுத்துவரும் வழியும் போய்விட்டது. இனிப் பறிக்க வேண்டுமானால் சாதாரண மசோதாதான்.

ரஷ்யா விஷயத்தில் அப்படியொரு மசோதா வேகமாகவே ஓடியது. 2022 மார்ச் 17-இல் சபையில் 424-8. பிறகு மனித உரிமை மீறுவோர் மீதான தடை பற்றிய சொற்கள் மீது எழுந்த ஆட்சேபத்தால் செனட்டில் மூன்று வாரம் நின்றது. ஏப்ரல் 7-இல் 100-0, மறுநாள் கையெழுத்து, ஏப்ரல் 9 முதல் அமல்.

அன்று அட்டவணையைத் திறந்தவர்களுக்கு அடுத்த பாடம் காத்திருந்தது. கச்சா எண்ணெயின் லேசான வகைக்கு முதல் பத்தியில் பீப்பாய்க்கு 10.5 சென்ட், இரண்டாம் பத்தியில் 21 சென்ட். பீப்பாய் நூறு டாலருக்கு விற்ற நேரம் அது. 1932-இல் சென்ட் கணக்கில் போட்ட வரியை விலைவாசி தின்றுவிட்டிருந்தது. எண்ணெயை நிறுத்தத் தனித் தடையே தேவைப்பட்டது. அதற்கான சட்டமும் அதே நாளில் கையெழுத்தானது. வடிவமைக்கப்படாத பல்லேடிய உலோகத்துக்கு இரு பத்திகளிலும் வரியே இல்லை. பிர்ச் மர ஒட்டுப்பலகைக்கோ பூஜ்யத்திலிருந்து 50 சதவீதம். ஒரே சட்டம்; ஒருவருக்குக் கொசுக்கடி, இன்னொருவருக்குக் கடையடைப்பு. இந்த ஓட்டைகளை அடைக்கத்தான் அதே சட்டம் தலைவருக்கு இரண்டாம் பத்தியையும் தாண்டி வரியை ஏற்றும் அதிகாரம் தந்தது. ஜூனில் அதைப் பயன்படுத்தி 570-க்கும் மேற்பட்ட பொருள் வகைகளுக்கு 35 சதவீதம் ஆக்கினார்கள்.

நடைமுறையில் அதிகம் சறுக்குவது தேதியில். சரக்கு கப்பலேறிய நாள் கணக்கில் வராது; சுங்கத்தில் நுகர்வுக்காகப் பதிவாகும் நாள்தான் கணக்கு. 'பழைய சரக்கு' என்று பிணைக் கிடங்கில் (வரி கட்டும்வரை சுங்கக் கண்காணிப்பில் சரக்கு இருக்கும் கிடங்கு) வைத்திருந்தால் தப்பாது, வெளியே எடுக்கும் நாளின் வரிதான் விழும். இன்னொன்று: எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்பது முக்கியமில்லை, எந்த நாட்டில் உருவானது என்பதே கேள்வி. ரஷ்யப் பலகை வேறொரு நாட்டு வணிகர் வழியாக வந்தாலும் அது ரஷ்யப் பலகைதான். வேறு நாட்டில் அதை உருமாற்றி வேறொரு பொருளாக ஆக்கினால் மட்டுமே பிறப்பிடம் மாறும். பெட்டியை மாற்றி லேபிள் ஒட்டுவது உருமாற்றம் ஆகாது. இந்த இடத்தில் அபராதம் கட்டியவர்கள் பலர்.

சீனாவின் நிரந்தரத் தகுதியைப் பறிக்க 2025 ஜனவரியில் இரு சபைகளிலும் தாக்கலான மசோதாவை எழுதியவர்கள் இந்தக் கணக்கை நன்றாகவே போட்டிருக்கிறார்கள். பழைய இரண்டாம் பத்தியை நம்பாமல், பொதுப் பொருள்களுக்குக் குறைந்தது 35 சதவீதம், முக்கியப் பொருள்களுக்கு 100 சதவீதம் என்று தனியாகவே எழுதி, அதையும் ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக ஏற்றச் சொல்கிறார்கள்.