கப்பல்ல போறதுன்னா எங்க போலாம்?

மதுரையில கடல் இல்ல, ஆனாலும் எங்க ஏரியாவுல ரிட்டயர் ஆனவங்க நெறைய பேரு இப்ப குரூஸ், அதாவது கப்பல்லயே தங்கி ஊர் சுத்துற டூர் பத்திதான் விசாரிக்கிறாங்க. உலகத்துலயே அதிகமா குரூஸ் ஓடுறது கரீபியன் பக்கம், மியாமியில ஏறி நசாவ், கோசுமெல்னு பீச் பீச்சா சுத்தலாம், ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் புயல் சீசன், அத மட்டும் பாத்துக்கங்க.

என்னையக் கேட்டா அலாஸ்காதான். சித்திரை வெயில்ல வெந்த நமக்கு, பனிப்பாறை உடஞ்சு கடல்ல விழுறதப் பாக்குறத விட வேற என்ன வேணும்? அங்க கிளேசியர் பேன்னு பனிப்பாறை இருக்குற வளைகுடா, அது உள்ள ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய குரூஸ் கப்பலுக்கு மேல விடமாட்டாங்க, அதுனால அமைதியா பாக்கலாம், அப்புறம் ஜூனோ, அது அந்த மாநிலத்துக்கே தலைநகரம், ஆனா வெளியூர்லேர்ந்து ரோடே கெடையாது, கப்பல் இல்லேன்னா பிளைட்தான். வான்கூவர்ல ஏறுனா கனடா விசா, அமெரிக்க விசா ரெண்டும் வேணும், முன்கூட்டியே அப்ளை பண்ணிருங்க.

ஐரோப்பா பக்கம் போனா, கிரீஸ்ல இருக்குற சாண்டோரினி தீவுல கப்பல் கரைக்கு வராது, சின்ன போட்ல எறக்கி விடுவாங்க, மேல ஊருக்கு 500 படிக்கு மேல. கேபிள் கார்ல போங்க, கழுத மேல ஏறாதீங்க, பாவம் அதுக.

இத்தாலியில இருக்குற வெனிஸ்ல 2021 ஆகஸ்ட்லேர்ந்து பெரிய கப்பல் ஊருக்கு நடுவுல போறதுக்குத் தடை. நம்ம சித்திரை வீதியில வண்டி போகக்கூடாதுன்னு சொன்ன மாதிரிதான், ரொம்ப நல்ல முடிவு.

பட்ஜெட் கம்மின்னா சிங்கப்பூர்ல ஏறுங்க, பினாங், புக்கெட்லாம் பாத்துட்டு வரலாம்.