மார்க் எவ்வளவு தூரம் வரும்?

பள்ளி மார்க்கும் நுழைவுத்தேர்வும் நல்ல டாக்டரைக் காட்டிவிடுமா? கொஞ்ச தூரம் வரைதான். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, மருத்துவ மாணவர்களின் தேர்ச்சியில் தெரியும் வித்தியாசத்தில் சுமார் 23 சதவீதத்தைத்தான் முந்தைய படிப்பு விளக்குகிறது, பட்டம் வாங்கிய பிறகு அது 6 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. அதற்காக மார்க்கே வீண் என்று சொல்லமாட்டேன். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் எல்லோருமே அதிக மார்க் எடுத்தவர்கள், அவர்களுக்குள் இடைவெளியே குறைவு, அதனால் மார்க்குக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு கணக்கில் இன்னும் சிறிதாகத் தெரியும். உடற்கூறியல், உயிர்வேதியியல் என்று ஓடும் முதல் வருடங்களில் பழைய மார்க் நன்றாகவே கைகொடுக்கும். அப்புறம் வார்டில் பயந்துபோன நோயாளி பக்கத்தில் நின்று பொறுமையாகக் கேட்க வேண்டும், அதை எந்தக் கேள்வித்தாளும் சோதிப்பதில்லை. ஒன்றிரண்டு மார்க்கில் இடம் போன பிள்ளையைத் தகுதியில்லாதவர் என்கிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.