பின் சக்கரமும் எங்களோட ஏழரையும்

போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் பெரிய வீல் பில்டர்னு நெனச்சிட்டு திரிஞ்சேன். நானே கோத்த பின் சக்கரத்த மாட்டி, ரெண்டு பேனியர் பையிலயும் வெயிட்டுக்கு தண்ணி பாட்டிலா திணிச்சு டெஸ்ட் ரைடு கெளம்புனா, தெரு முனை திரும்புறதுக்குள்ள "டிங்"னு ஒரு சத்தம். பத்தடி போறதுக்குள்ள இன்னும் ரெண்டு டிங். கம்பிதான் (ஸ்போக்) போச்சுன்னு எறங்கி ஒவ்வொண்ணா ஆட்டிப் பாத்தேன், 36-ம் முழுசா இருக்கு. சரி என்னமோன்னு நாப்பது மைல் ஓட்டிட்டு வந்து ஸ்டாண்டுல மாட்டுனா ரிம் ரெண்டு மில்லிமீட்டர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நெளியுது. மூணு ராத்திரி உக்காந்து எடுத்த கோட்டம், மொத்தமும் ஒரே நாள்ல திரும்ப வந்துருச்சு.

புதுசா படிக்கிறவங்களுக்காக கொஞ்சம் பழைய கதை. நாங்க நாலு பேர், பிரிட்டனோட தென்மேற்கு முனையில இருக்குற லாண்ட்ஸ் எண்ட்ல ஆரம்பிச்சு வடகிழக்குல ஜான் ஓ கிரோட்ஸ் வரைக்கும் மிதிக்கிறோம். கம்பத்துல 874 மைல்னு எழுதியிருக்கும், ஆனா மெயின் ரோட்டு லாரிக்கு பயந்து சின்ன ரோடா பாத்துப் போனா ஆயிரம் மைல் பக்கம் வந்துரும். எங்கள்ல ஒருத்தனோட அப்பாவ கடைசி மூணு வாரம் பாத்துக்கிட்ட ஹாஸ்பிஸுக்குத்தான் காசு சேக்கறோம். நாலு பேருக்கும் ஒண்ணா ரெண்டு வாரம் லீவு கெடைக்கிறதெல்லாம் நடக்காத காரியம், அதனால ரெண்டு பாகமா பிரிச்சாச்சு: மே மாசம் எட்டு நாள்ல ஸ்காட்லாந்து எல்லைகிட்ட இருக்குற கார்லைல் வரைக்கும் வந்துட்டோம், மீதி 400 மைல் செப்டம்பர்ல, ஸ்காட்லாந்துல மிட்ஜ் பூச்சி கொஞ்சம் அடங்குனதுக்கப்புறம்.

அந்த எட்டு நாள்ல எனக்கு மட்டும் மூணு கம்பி உடைஞ்சுது, வேற யாருக்கும் ஒண்ணுகூட இல்ல. மொதல் கம்பி ரெண்டாவது நாள், பாட்மின் தாண்டி. கார்ன்வால்னா கடலோரம்தானே, சமமா இருக்கும்னு நெனச்ச ஆளு நான். அங்க சின்னச் சின்ன ஏத்தம்தான், ஆனா ஒவ்வொண்ணும் செவுரு மாதிரி, ஏறி முடிச்சு மூச்சு வாங்குறதுக்குள்ள எறக்கம், உடனே அடுத்த செவுரு. ஸ்காட்லாந்து மலையவிட கார்ன்வாலும் டெவனும்தான் முட்டிய பேக்கும்னு ஏற்கெனவே போனவங்க சொல்றது சும்மா இல்ல. ரெண்டாவது கம்பி ஹெரிஃபோர்டு தாண்டி, நல்ல சமமான ரோட்டுல, எந்தக் காரணமும் இல்லாம. மூணாவது ஷாப் (கடை இல்ல, ஊர் பேரே அதுதான்) ஏத்தத்துல, மழையில.

மூணும் வலது பக்கம், கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) இருக்குற பக்கம். மூணும் சக்கரத்தோட நடுவுல இருக்குற ஹப்புக்குள்ள நுழையுற அந்தக் கொக்கி வளைவுலதான் கத்தரிச்ச மாதிரி போயிருக்கு. கேசட்ட கழட்டாம அங்க புதுக் கம்பி நுழையாது, கழட்ட செயின் விப்பும் (கேசட் சுத்தாம புடிக்கிற கருவி) பெரிய ஸ்பேனரும் வேணும், அதையெல்லாம் யாரு மூட்டை கட்டிட்டு வருவாங்க. மொத ரெண்டுக்கும் கெவ்லார் கயிறுல பண்ண எமர்ஜென்சி ஸ்போக்க வெச்சு சமாளிச்சேன், ஃபிளாஞ்ச் (ஹப்போட காது) ஓட்டைல கயித்த விட்டு இழுத்துக் கட்டிறலாம், கேசட்ட தொடவே வேணாம். மூணாவதுக்கு அண்ணன் (எங்க குரூப்ல மூத்தவரு) அவரோட பையில இருந்து உள்ளங்கையில அடங்குற ஒரு குட்டி கேசட் டூல எடுத்தாரு. அத லாக்ரிங்ல (கேசட்ட புடிச்சு வெக்கிற வளையம்) மாட்டி, சக்கரத்த திரும்ப ஃபிரேம்ல போட்டு, டூலோட காலு ஃபிரேம்ல முட்டி நிக்கிற மாதிரி வெச்சு மெதுவா பெடல அமுக்குனா லாக்ரிங் பொசுக்குனு விட்டுருச்சு. "இத ஏண்ணே மொத நாளே சொல்லல"ன்னு கேட்டா, "நீ கேக்கவே இல்லையேப்பா"ங்கிறாரு.

இதுல ஒரு கூத்து வேற. ஆபீஸ்ல ஒருத்தர் வெளையாட்டா, "உடையுற ஒவ்வொரு கம்பிக்கும் இருபது பவுண்டு தர்றேன்"னு சொல்லி வெச்சிருந்தாரு. கிஃப்ட் எய்ட் சேந்தா அது 25 ஆயிரும். (பணம் குடுக்குறவங்க இங்க வரி கட்டுறவங்களா இருந்து அந்தக் கட்டத்துல டிக் போட்டா போதும், ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் கவர்மெண்ட் சேத்துக் குடுக்கும், அதுக்கு நீங்க தனியா எதுவும் கட்ட வேணாம். ஐம்பது பேருக்கு மேல சும்மா ஸ்க்ரோல் பண்ணி டிக் போடாம போயிருக்கீங்க, உங்களதான் சொல்றேன்.) அதனால நான் ஷாப்ல மழையில நனைஞ்சிட்டு கம்பி மாத்துறேன், கூட இருக்கானுங்க மூணு பேரு, "எழுபத்தஞ்சு! எழுபத்தஞ்சு!"ன்னு கைதட்டுறானுங்க. சாப்பாடு, தங்குறது, ட்ரெயின் எல்லாம் எங்க சொந்த காசு, ஹாஸ்பிஸ் தலையில ஒரு பென்னிகூட கட்டல, அதையும் இங்க சொல்லி வெச்சிடறேன்.

கார்லைல்ல ஒரு கடையில காட்டுனா, "நீங்க வெயிட்டு, உங்க பையும் வெயிட்டு"ன்னு முடிச்சிட்டாங்க. நானும் அப்படித்தான் நம்பிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உடையாத கம்பிங்கள கிள்ளிப் பாத்தப்பதான் வெளங்குச்சு. ஒண்ணு டைட்டு, பக்கத்துல இருக்குறது கொழகொழன்னு. சக்கரம் சுத்தும்போது ரிம்மோட அடிப்பக்கம் தரைய தொடுற நேரத்துல அங்க இருக்குற கம்பியோட இழுப்பு கொஞ்சம் கொறையும், மேல வந்ததும் திரும்ப ஏறும். இழுப்பு சரியா இருந்தா அது பரவாயில்ல. லூஸா இருந்தா அந்த வளைவு ஒவ்வொரு சுத்துக்கும் ஹப்புக்குள்ள அசையுது, மடக்கி மடக்கி கம்பிய ஒடிப்போம்ல, அதே கதைதான். ஆயிரம் மைலுக்கு எத்தன சுத்துன்னு கணக்கு போட்டேன், என்னோட 32 டயருக்கு சுத்தளவு 2.15 மீட்டர் வருது, கிட்டத்தட்ட ஏழரை லட்சம். ஏழரைன்னு வந்ததும் கால்குலேட்டர மூடி வெச்சிட்டேன்.

சரி, புதுசா ஒண்ணு நாமளே கோப்போம்னு முடிவு. பழையது 32 ஓட்டை, இது 36, மூணு கிராஸ் (ஒவ்வொரு கம்பியும் வேற மூணு கம்பிய குறுக்க தாண்டிப் போகும்), நடுவுல மெலிஞ்ச பட்டெட் கம்பி. பட்டெட்ல வளைவுகிட்ட தடிமன் அப்படியே இருக்கும், நடுப்பகுதி கொஞ்சம் இழுபட்டுக் குடுக்கும், அதனால வளைவுக்கு அடி கம்மி. வலது 290, இடது 292ன்னு அளவு பாத்து ஆர்டர் போட்டா, கடைக்காரன் முப்பத்தாறையும் 290-லயே அனுப்பிட்டான். பேர் சொல்ல விரும்பல. மெயில் போட்டா "ரெண்டு மில்லி பெருசா வித்தியாசம் தெரியாது சார்"னு பதில். தெரியாதாம்! நிப்பிளுக்குள்ள (கம்பிய ரிம்ல புடிச்சு இறுக்குற குட்டி நட்டு) மரையே முழுசா ஏறல. மாத்தி வாங்க பத்து நாள் போச்சு. ரிம்ம மட்டும் வேற எடத்துல வாங்குனேன், அவங்க அட்டைப்பெட்டிக்குள்ள அட்டைப்பெட்டி வெச்சு கண்ணாடி பாத்திரம் மாதிரி அனுப்புனாங்க, அவங்கள கோயில் கட்டிக் கும்பிடலாம்.

கோக்குறத பத்தி எழுதல, வீடியோ ஆயிரம் இருக்கு. எனக்கு உயிர எடுத்தது முறுக்கு. திங்கிற முறுக்கு இல்ல, கம்பி முறுக்கிக்கிறது. டென்ஷன் ஏற ஏற நிப்பிள திருகுனா, மரையில நிப்பிள் மட்டும் சுத்தாது, கம்பியும் கூடச் சேந்து முறுக்கிக்கும். மெல்லிசு கம்பின்னா இன்னும் மோசம். நீங்க கால் சுத்து ஏத்திட்டோம்னு நெனப்பீங்க, உண்மையில அரைக்கால்தான் ஏறியிருக்கும், மிச்சம் கம்பிக்குள்ள முறுக்கா உக்காந்திருக்கும். ஸ்டாண்டுல ரிம் நேரா நிக்கும், சாமி கும்பிட்டுட்டு வண்டியில மாட்டி ஏறி உக்காந்ததும் வெயிட்டுல கம்பி லேசாகி ஒவ்வொண்ணா முறுக்கு அவுந்துக்கும். ஞாயித்துக்கிழமை கேட்ட டிங் டிங் எல்லாம் அதுதான்.

இப்ப நிப்பிள் எல்லாத்தையும் லூஸ் பண்ணி, மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடியும் மொதல்ல இருந்து. இந்த தடவ ஒவ்வொரு கம்பியிலயும் மாஸ்கிங் டேப்ப சின்னக் கொடி மாதிரி ஒட்டிட்டேன். நிப்பிள திருகும்போது கொடி கூடவே திரும்புச்சுன்னா கம்பி முறுக்குதுன்னு அர்த்தம். கால் சுத்து வேணும்னா அரை சுத்து போயிட்டு கால் சுத்து திரும்ப வரணும், கொடி பழைய எடத்துக்கு வந்து நிக்கிறத பாத்துட்டுதான் சாவிய எடுக்கணும். ஒரு ரவுண்டுக்கு முப்பத்தாறு கொடி. பொண்ணு வந்து பாத்துட்டு "பொறந்தநாளா அப்பா"ன்னு கேட்டுட்டுப் போறா. ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் பக்கத்து பக்கத்து கம்பிங்கள ஜோடி ஜோடியா ரெண்டு கையிலயும் புடிச்சு நல்லா நெருக்கணும், கிளவுஸ் போட்டுக்கங்க, நான் போடல, உள்ளங்கையில இன்னும் கோடு இருக்கு.

டென்ஷன் மீட்டர் வாங்குற அளவுக்கு இன்னும் முத்தல. கிள்ளிக் கேட்டே பண்றேன், ஃபோன்ல ட்யூனர் ஆப்பு. சின்ன வயசுல அம்மா வீணைக்கு சுருதி சேக்கும்போது பக்கத்துல உக்காந்து தூங்கி விழுந்தவன் நான், இப்ப அதே வேலைய ராத்திரி பதினோரு மணிக்கு சைக்கிள் சக்கரத்துக்குப் பண்றேன். வலது பக்கம் பதினெட்டும் ஒரே சுருதியில நிக்கணும். இடது பக்கம் தனியா, ஸ்தாயி கொறஞ்சு கேக்கும், கேசட்டுக்கு எடம் விட ரிம் ஹப்போட வலது காதுப் பக்கம் ஒதுங்கி நிக்கிறதால இடது கம்பிக்கு இழுப்பு கம்மியாத்தான் இருக்கும், அத வலதுக்கு சமமா ஆக்கப் பாக்காதீங்க. நான் மொத தடவ அதையும் பண்ணிப் பாத்தேன், ரிம் இடது பக்கம் ஓடிப் போயி பிரேக்க முட்டுச்சு.

செப்டம்பருக்கு டைனமோ ஹப் (சுத்தும்போதே கரண்ட் எடுக்குறது) வெச்சு முன் சக்கரமும் ஒண்ணு கோக்கலாமான்னு ஒரு யோசனை ஓடுது. டிரமோக்டர் கணவாய் தாண்டி இன்வர்னஸ் போறதுக்குள்ள ஒரு நாளாவது இருட்டிரும்னு தோணுது, பவர் பேங்க்க நம்பி எட்டு நாள் ஓட்டுனதுல ஜிபிஎஸ் ரெண்டு தடவ செத்துப் போச்சு. ட்ரெயின்லயும் சைக்கிளுக்கு எடம் இப்பவே போட்டு வெக்கணும், லாங் டிஸ்டன்ஸ்ல ஒரு வண்டிக்கு சில சைக்கிளுக்குத்தான் எடம், நாலு பேரும் ஒண்ணா போகணும்னா லாட்டரி மாதிரிதான். அண்ணன் "மொத பின் சக்கரத்த முடி"ங்கிறாரு. ஆபீஸ்காரர் வேற கேட்டாரு, "36 கம்பியும் புதுசா? அப்ப எனக்கு 720 பவுண்டு ரிஸ்க்கா?"ன்னு. ஒண்ணும் உடையலன்னா அந்தக் காச சும்மாவாச்சும் குடுங்க சார்னு சொல்லியிருக்கேன், யோசிக்கிறேன்னாரு.

இப்போதைக்கு நெலமை: பக்கவாட்டு ஆட்டம் அரை மில்லிக்குள்ள வந்தாச்சு, மேல கீழ குதிக்கிறது கண்ணுக்குத் தெரியல. பாக்கி டிஷ்தான், அதாவது ரிம் ஆக்ஸிலுக்கு நட்டநடுவுல நிக்கிறது. அதுக்குன்னு இருக்குற கேஜ் என்கிட்ட இல்ல, ரெண்டு ஒரே சைஸ் டம்ளர கவுத்தி அதுமேல சக்கரத்த படுக்க வெச்சு, ஆக்ஸில் முனைக்கு அடியில சில்லறைய அடுக்கி, திருப்பிப் போட்டும் அதே அடுக்கு சரியா முட்டுதான்னு பாக்குறேன். நேத்து நாலு காசு வித்தியாசம். இன்னைக்கு ஒரு பென்னி. திருப்பிப் போட்டு பாக்குறதால நெஜ வெலகல் அதுல பாதிதான், முக்கால் மில்லி சொச்சம், ரிம் வலது பக்கம் சாஞ்சிருக்கு. இடது பதினெட்டையும் கால் சுத்து ஏத்தணும், கொடிய பாத்துக்கிட்டே. டம்ளர் ரெண்டையும் காலையில காபிக்கு கேப்பாங்க, அதுக்குள்ள முடிக்கணும்.