ஓவன் 325 என்கிறது, கேக் இல்லை என்கிறது

டிசம்பர் 6, சனி

பிளம் கேக் வேகவில்லை. நவம்பரிலிருந்து ஊறிய திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்து 325 ஃபாரன்ஹீட்டில் வைத்தேன். (கனடாவின் மிசிசாகாவில் வெளியே குளிரை செல்சியஸில் சொல்வார்கள், அடுப்புக்குள் மட்டும் ஃபாரன்ஹீட். பழகிவிட்டது.) வழக்கமாக ஒன்றே கால் மணி நேரத்தில் குத்திப் பார்த்த குச்சி சுத்தமாக வரும். இன்று ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியும் குச்சியில் மாவு. மேற்புறம் வெளிறிக் கிடக்கிறது. திரையில் 325 அசையாமல் நிற்கிறது.

அம்மாவிடம் போனில் சொன்னால், "பேக்கரியில கொண்டு குடுத்திரு மக்ளே" என்கிறாள். நாகர்கோவிலில் மாவை டின்னோடு தூக்கிப்போய் பேக்கரி விறகு அடுப்பில் சுட்டு வாங்கிய காலத்திலேயே இருக்கிறாள் அவள்.

இரவு காலி ஓவனைச் சோதித்தேன். நடுத் தட்டில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு 350 வைத்தேன். ஓவன் ஒரே சூட்டில் நிற்காது. எலிமென்ட் (சூடு தரும் கம்பி) எரியும், அணையும், மறுபடி எரியும். அதனால் ஒரு தடவை எட்டிப் பார்த்து எண்ணைக் குறிப்பதில் பயனில்லை. பீப் அடித்த பிறகும் அரை மணி நேரம் விட்டு, ஏறிய உச்சத்தையும் இறங்கிய அடியையும் தொடர்ந்து குறித்துக்கொண்டே வந்தேன். உச்சம் 322, அடி 288 என்ற அளவில் சுற்றுகிறது. சராசரி 305. நாற்பத்தைந்து டிகிரி குறைவு.

டிசம்பர் 7, ஞாயிறு

தெர்மாமீட்டரே பொய் சொன்னால்? அதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. சர்க்கரை உருகுவது சுமார் 186 செல்சியஸில், அதாவது 367 ஃபாரன்ஹீட். அலுமினியத் தாளில் ஒரு ஸ்பூன் சர்க்கரை வைத்து 375 வைத்தால் கால் மணி நேரத்தில் உருகத் தொடங்க வேண்டும். உருகவில்லை. 400 வைத்தும் பொடிப்பொடியாகவே இருந்தது. 425 வைத்த பிறகுதான் ஓரம் கசிந்தது. ஆக தெர்மாமீட்டர் சரி, ஓவன்தான் தப்பு.

அடுத்த சந்தேகம் எலிமென்ட். அது பலவீனமாக இருந்தால் ஓவன் சூடேற முக்கித் தவிக்கும், எலிமென்ட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். இங்கே 322 வந்ததும் ஓவன் தானாகவே எலிமென்ட்டை அணைக்கிறது. போதிய சூடு வந்துவிட்டது என்று போர்ட் (ஓவனை இயக்கும் மின்னணுப் பலகை) உறுதியாக நம்புகிறது. கதவு ரப்பர் கிழிந்திருந்தாலும் இப்படி நடக்காது. சூடு வெளியேறினால் எலிமென்ட் கூடுதல் நேரம் எரிந்து ஈடுகட்டிவிடும். போர்டுக்குப் போகிற தகவலே தப்பு.

அந்தத் தகவலைத் தருவது ஓவனின் பின்சுவரில், மேலே, பென்சில் தடிமனில் நீட்டிக்கொண்டிருக்கும் சென்சர். உள்ளே பிளாட்டினம். சூடு ஏற ஏற அதன் மின்தடை ஏறும். பிளாட்டினத்தை வைத்து வெப்பத்தை அளக்கலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1871இல் சொன்னார். ஹியூ காலண்டர் 1887இல் அதை நம்பகமான கருவியாக்கிக் காட்டினார். இந்தப் பக்கத்து ஓவன்களில் பெரும்பாலும் 0 செல்சியஸில் 1,000 ஓம் காட்டும் வகைதான் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு செல்சியஸ் டிகிரிக்கும் ஏறக்குறைய 3.8 ஓம் கூடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவு. வழியில் எங்காவது வேண்டாத மின்தடை சேர்ந்தால், போர்ட் அதையும் சூடு என்றே எண்ணும். எலிமென்ட்டைச் சீக்கிரம் அணைக்கும், கேக் வேகாது. மாறாக வயரின் உறை கருகி ஓவன் உடம்போடு கசிவு ஏற்பட்டால் மின்தடை குறைந்து தெரியும், கேக் கரியாகும். நம்முடையது முதல் வகை.

டிசம்பர் 9, செவ்வாய்

ரொட்டி வைக்கப்போன நேரத்தில் ஓவன் கத்தியது. திரையில் எஃப் 3. எங்கள் மாடலில் அதற்கு சென்சர் சுற்று அறுந்துவிட்டது அல்லது ஷார்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம். அணைத்துப் போட்டால் போய்விடுகிறது, அரை மணியில் திரும்பி வருகிறது.

ரிப்பேர் கடைக்குப் போன் செய்தேன். கேட்டு முடிக்கும் முன்பே "சென்சர் மாத்தணும்" என்றார்கள். வந்து பார்க்க ஒரு கட்டணம், பாகத்துக்குத் தனி. வீட்டுக்காரர், "பேசாம புதுசு வாங்கிடலாமே" என்கிறார். பத்து வருடம் உழைத்த அடுப்பை ஓமில் அளந்துகூடப் பார்க்காமல் அனுப்ப எனக்கு மனசில்லை.

கையேட்டில், செட்டிங்கில் போய் 35 டிகிரி வரை கூட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. எனக்கு வேண்டியது 45. போதுமானதாக இருந்தாலும் செய்திருக்க மாட்டேன். பழுது வந்து வந்து போகிற மாதிரி இருக்கும்போது எண்ணைக் கூட்டி வைத்தால், அது சரியாக இருக்கிற நேரத்தில் ஓவன் அளவுக்கு மீறிச் சூடாகும்.

டிசம்பர் 10, புதன்

பேஸ்மென்ட்டில் பிரேக்கரை இறக்கிவிட்டு அடுப்பை முன்னால் இழுத்தோம். இது 240 வோல்ட் விஷயம். பட்டனை அணைத்தால் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

பின்தகட்டைக் கழற்றினால் உள்ளே மடித்து வைத்த ஒரு தாள்: வயரிங் படம், மின்தடை அளவு எல்லாம் அதில் இருக்கிறது. மெக்கானிக்குக்காக வைப்பது. உரிமையாளருக்குத் தரும் கையேட்டில் இதில் பாதி கிடையாது.

முதலில் போர்ட் பக்கம் அளந்தேன். சென்சர் கனெக்டரைப் போர்டிலிருந்து பிடுங்கிய பிறகே அளக்க வேண்டும், இல்லையென்றால் போர்டின் சொந்த மின்தடையும் கலந்துவிடும். அறை வெப்பம் 22 செல்சியஸ். 1,086 ஓம் வாக்கில் வர வேண்டும். மீட்டரில் 1,178. வயரை லேசாக ஆட்டினேன், 1,195. இன்னும் கொஞ்சம் ஆட்டினால் ஒன்றுமே இல்லை, சுற்று அறுந்துவிட்டது. அதுதான் எஃப் 3.

அப்புறம் சென்சர் பக்கம். கண்ணாடி இழைப் பஞ்சுக்குள் (கையுறை இல்லாமல் தொட்டால் இரவெல்லாம் அரிக்கும்) சின்ன பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்து சென்சரை மட்டும் அளந்தால் 1,086. எவ்வளவு ஆட்டினாலும் அசையவில்லை. ஸ்க்ரூ இரண்டையும் கழற்றி, அதன் நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன்: 1,381. நூறு டிகிரிக்கு 1,385 இருக்க வேண்டும். வெளியே நீட்டியிருக்கிற பாகத்துக்கு அந்த நாலு ஓமை மன்னிக்கலாம். வயருக்கும் உலோக உறைக்கும் நடுவே கசிவும் இல்லை.

சென்சர் நல்லது. நடுவில் இருக்கிற இணைப்புதான் கெட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு முனை பழுப்பேறி, பிளாஸ்டிக் காய்ந்து நொறுங்குகிறது. போன மாதம் செல்ஃப் கிளீன் (அழுக்கைச் சூட்டிலேயே எரித்துச் சாம்பலாக்கும் முறை) ஓடியது. அதில் ஓவன் 900 ஃபாரன்ஹீட்டை நெருங்கும். ஏற்கெனவே தளர்ந்திருந்த முனையை அந்தச் சூடு முடித்து வைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கணக்குப் போட்டேன். 1,178இல் 1,086 போனால் 92 ஓம். 350இல் ஓடும்போது டிகிரிக்கு 3.7 என்று வைத்தால் 25 செல்சியஸ், அதாவது 45 ஃபாரன்ஹீட். சனிக்கிழமை தெர்மாமீட்டர் சொன்ன அதே குறைவு! மீட்டரை மேசையில் வைத்துவிட்டு ஒரு காபி போட்டுக் குடித்தேன். புது சென்சர் வாங்கி அதே இணைப்பில் மாட்டியிருந்தால், பணமும் போய் கேக்கும் வெந்திருக்காது.

டிசம்பர் 13, சனி

அந்த இணைப்பை வெட்டி எறிந்தேன். ஈயப் பற்று வைக்கலாமா என்றார் வீட்டுக்காரர். சாதாரண ஈயப் பற்று 190 செல்சியஸுக்குள் உருகிவிடும், பஞ்சுக்குள் அதை நம்ப முடியாது. சாதாரண பிளாஸ்டிக் வயர் மூடியும் வேண்டாம். பீங்கானில் செய்த மூடி கிடைக்கிறது, விலை சில டாலர்தான். வயர் முனைகளைச் சுரண்டி, முறுக்கி, அதில் திருகினேன். கருகிய பகுதிக்குப் பதிலாக அதிகச் சூடு தாங்கும் கண்ணாடி இழை உறை போட்ட வயர்.

போர்ட் பக்கம் மறுபடி அளந்தேன்: 1,087. ஆட்டினாலும் 1,087.

மாலை காலி ஓவன், 350. உச்சம் 364, அடி 332, சராசரி 348. எஃப் 3 வரவில்லை. இந்த இரண்டு டிகிரிக்காக செட்டிங்கைத் தொடப் போவதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

புது மாவு, 325, ஒன்றே கால் மணி நேரம். குச்சி சுத்தம். அம்மாவுக்கு வீடியோவில் காட்டினால், "இன்னும் கொஞ்சம் சிவந்திருக்கலாம்" என்கிறாள். அதற்கு மீட்டரில் அளவு கிடையாது.

அடுப்பைச் சுவரோடு தள்ளும்போது பின்கால் தரையில் உள்ள பிராக்கெட்டுக்குள் நுழைந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். திறந்த கதவின் மேல் குழந்தை ஏறினால் அடுப்பு முன்னால் கவிழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். முதல் தள்ளலில் நுழையவில்லை. இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்திய பிறகு மாட்டிக்கொண்டது.