வெளியே போகக் காரணம்?

கோவையிலிருந்து தொண்டாமுத்தூர் போகிற பக்கம் இருக்கும் ஒரு முதியோர் குடியிருப்பில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். முதியோர் இல்லம் என்று சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். சொந்தப் பணத்தில் வீடு வாங்கி, மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டி, மூன்று வேளைச் சாப்பாடும் கூப்பிட்டால் வர ஒரு நர்ஸும் இருந்தால் போதும் என்று வந்தவர்கள். பேங்கில் இருந்தவர்கள், ரயில்வேக்காரர்கள், தலைமையாசிரியைகள். பிள்ளைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். பல்பு போனதிலிருந்து பிபி ஏறியது வரை எல்லாவற்றுக்கும் போனை எடுப்பது என் வேலை.

2020 மார்ச் 22, கொரோனாவுக்காக அறிவித்த மக்கள் ஊரடங்கு அன்று மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் வாசலில் நின்று தட்டைத் தட்டினார்கள். ஒரு மாமி பூஜை மணியையே எடுத்துவந்துவிட்டார். திருவிழா மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்து கேட்டைப் பூட்டினோம்.

முதலில் தடுமாறியது சமையல்கட்டு. எங்கள் ஆட்கள் எல்லாம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸிலும் டிவிஎஸ் 50இலும் வருகிறவர்கள். பஸ் நின்றுவிட்டது. பதினான்கு பேரை உள்ளேயே தங்கச் சொன்னோம். கிளப் ஹவுஸில் கேரம் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாய் விரித்தோம். சமையல் மாஸ்டரின் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். நாற்பது நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது அது அவரைப் பார்த்து அழுததாம். அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பிரிந்து தவித்த பெரியவர்களைப் பற்றி நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாஸ்டரைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை.

டைனிங் ஹாலை மூடிவிட்டு வீடு வீடாக கேரியர் அனுப்பினோம். ரசத்தில் காரம் போதாது, சாம்பார் ஆறிவிட்டது என்று நாளுக்கு இருபது போன். ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது, குறை ரசத்தில் இல்லை. அந்த ஹாலில் யார் யாரோடு உட்காருவது, யார் யாரோடு பேசுவதில்லை என்று பல வருடமாக உருவான ஏற்பாடு ஒன்று இருந்தது. தனியாகச் சாப்பிடும்போது ரசத்தைத் தவிரக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பேப்பர் விஷயம் இன்னொரு கூத்து. பேப்பரில் கிருமி வரும் என்று பாதிப் பேர் நிறுத்தச் சொன்னார்கள். காபியும் பேப்பரும் இல்லாமல் உயிரோடு இருந்து என்ன பயன் என்றார்கள் மீதிப் பேர். கடைசியில் ஒரு ரிடையர்டு இன்ஜினியர் தினமும் பேப்பரை இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்துப் படிக்க ஆரம்பித்தார். சூடான செய்தி என்று எல்லோரையும் போல நானும் சிரித்தேன். ஆனால் அவர் வீட்டில்தான் ஒரு நாள்கூட பேப்பர் நிற்கவில்லை.

கார்டு சாரைச் சொல்ல வேண்டும். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பத்தொரு வயது. காலை ஐந்தரைக்கு வெளியே போய், வாய்க்கால் பாலம் வரை நடந்து, ஆவின் பூத்தில் நின்று பேசிவிட்டு வருவார். கேட்டைப் பூட்டிய மறுநாளும் வந்து நின்றார். "மேடம், அந்த சார் மறுபடியும் வந்துட்டாருங்க" என்று வாட்ச்மேன் போன் செய்தார். ஓடினேன்.

"ஏம்மா, எத்தனை வண்டிக்குக் கொடி காட்டி அனுப்பியிருப்பேன். எனக்கு நீ சிவப்புக் கொடி காட்டறியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் நகரவில்லை.

அந்த மாதங்களில் பூட்டியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அவசியமில்லாமல் வெளியே வர வேண்டாம் என்று மே மாதம் மத்திய அரசே சொன்னது. எங்கள் இடத்தில் அதற்குக் கீழே இருப்பவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதாவது மொத்தக் குடியிருப்புக்கும் சேர்த்துப் போட்ட உத்தரவு. ஆனால் வெளியே ஒவ்வொன்றாகத் திறந்த பிறகும் நாங்கள் திறக்கவில்லை. பயம் பாதி, வசதி பாதி. பூட்டிய கேட்டை நிர்வகிப்பது சுலபம். யாருக்காவது வந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று நிர்வாகம் கேட்டது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று குடியிருப்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலையில் ஒரு டீச்சரம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். கொரோனா இல்லை, மாரடைப்பு. மகன் நியூ ஜெர்சியில். வழக்கமான சர்வதேச விமானங்கள் மார்ச்சிலேயே நின்றிருந்தன. மகள் பெங்களூரில். பயண அனுமதிக்கு இ-பாஸ் வாங்கி, செக்போஸ்ட்டில் காத்திருந்து, மதியம் மூன்று மணிக்கு எங்கள் கேட்டுக்கு வந்து சேர்ந்தார். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்பது விதி. விதி என்றால் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த நான்கு வரி. நான் மேலே போன் செய்தேன், மறுபடி செய்தேன். கடைசியில் டீச்சரம்மாவை ஆம்புலன்ஸில் கேட்டுக்குக் கொண்டுவந்தோம். ரோட்டோரம், ஒரு புங்க மரத்தடியில், வண்டியின் பின்கதவைத் திறந்து மகளுக்குக் காட்டினோம். அம்மா பதினோரு வருடம் வாழ்ந்த வீடு அங்கிருந்து இருநூறு அடி இருக்கும். அம்மாவின் கண்ணாடியும் அலமாரிச் சாவியும் வேண்டும் என்று அவர் கேட்டார். நான்தான் போய் எடுத்துவந்தேன்.

மகனுக்கு வீடியோ காலில் காட்டியதும் நான்தான். போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தேன், படம் மங்கலாகத் தெரிந்தது போல. "மேடம், கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்றார். கவரைக் கழற்றினேன். மயானத்துக்கு இருபது பேருக்கு மேல் போகக்கூடாது என்று இருந்த காலம். வந்தவர்கள் ஆறு பேர்தான். கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன். போனை வைக்கும்போது "தேங்க்ஸ்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் "சாப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

அப்புறம் தடுப்பூசி. 2021 மார்ச் 1 முதல் அறுபது வயதானவர்களுக்கு. அதற்குப் பதிவு செய்யும் கோவின் தளத்தில் ஒரு போன் நம்பருக்கு நான்கு பேர் என்று கணக்கு. என் நம்பர், என் கணவர் நம்பர், வாட்ச்மேன் நம்பர் என்று எல்லாம் தீர்ந்து, ஓடிபிக்காக ஆள் ஆளுக்குக் கத்திக்கொண்டிருந்தோம். பெரும்பாலானோருக்கு முதல் டோஸ் போட்டு முடித்தபோது இரண்டாம் அலை வந்தது. மே கடைசியில் அன்றாடத் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. குடியிருப்பவர்கள் பணம் போட்டு இரண்டு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க, நாளுக்கு மூன்று முறை விரலில் ஆக்சிமீட்டர். விரல் சில்லிட்டிருந்தால் அது குறைத்துக் காட்டும், பெரியவர்களுக்கு எப்போதும் விரல் சில்லென்றுதான் இருக்கும். 89 என்று பார்த்ததும் பதறி, உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினால் 96. மூன்று பேருக்கு எத்தனை தேய்த்தும் ஏறவில்லை. ஒருவர் திரும்பி வரவில்லை. அந்த மாதத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

டைனிங் ஹாலைத் திரும்பத் திறந்தபோது பாதி நாற்காலிகூட நிரம்பவில்லை. கேரியர் பழகிவிட்டது என்றார்கள். பக்கத்தில் உட்காருகிறவர் இல்லாமல் எங்கே போய் உட்காருவது என்றார் ஒரு மாமி.

கார்டு சார் இன்னும் நடக்கிறார், இப்போது கைத்தடியோடு. ஊரடங்கின்போது கேட்டில் வைக்க ஒரு ரெஜிஸ்டர் அச்சடித்தோம். பெயர், வீட்டு எண், போன நேரம், வந்த நேரம், காரணம். ஐந்து புத்தகம். நான்கு தீர்ந்துவிட்டது. தீரட்டும், வீணாக்க வேண்டாம் என்று நிர்வாகம் சொன்னதால் இன்னும் அதிலேயே எழுதுகிறோம். கார்டு சார் கையெழுத்து மட்டும் போடுவார், காரணம் எழுத மாட்டார். ஆடிட்டில் கேட்பார்கள் என்று வாட்ச்மேனே அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுகிறார். போன வாரம் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம், காலை 5.30க்கு நேராக, "சும்மா" என்று எழுதியிருந்தார்.